கிறவல் சைக்கிளில் வந்தவன்

சுவிஸ் நாட்டில், ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால் நான் சைக்கிள் ஓடிய கதையைக் கல்முனையில் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலும் நான் சொன்னவைதான். ஒன்றில், மலைக் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக் அறுந்துபோகிறது. நான் ஒரு பசுவின் கழுத்து மணியைப் பிடித்துத் தொங்கித் தப்புகிறேன். பசு என்னைப் பிரெஞ்சில் ஏசுகிறது.

"பிரெஞ்சு ஒங்களுக்கு எப்பிடி அண்ணன் விளங்கின?" என்று இப்றாஹிம் கேட்பார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். நாற்பது வருசமாக என் கதைகளுக்கு இடம் பார்த்துக் கேள்வி போட்டுத் தருபவர் அவர்தான்.

"ஏச்சு விளங்கிறதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?" என்பேன்.

நான் சுவிஸுக்குப் போனதில்லை. கொழும்புக்கே மூன்று தரம்தான். ஓடியவன் என் மகன் கிருஷாந்தன். தார் போடாத ரோட்டில் ஓடுவதற்கென்றே செய்த சைக்கிள் ஒன்று அவனிடம் இருக்கிறது. நாங்கள் அதற்குக் கிறவல் சைக்கிள் என்று பெயர் வைத்தோம். கைபிடியில் கமரா பூட்டி வீடியோ எடுத்து அனுப்புவான். நான் அதைப் பார்த்துவிட்டு, அவன் இருந்த இடத்தில் என்னை ஏற்றி, பசுவையும் சேர்த்துக்கொள்வேன்.

பதினேழு வருசமாக அவன் அங்கே, ஏரிக்குச் சரிந்து இறங்கும் தோட்டமொன்றில் திராட்சைக் கொடி வெட்டுகிறான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றை அங்கேயே கலியாணம் முடித்தான். மூன்று வருசத்துக்கு முன்னம் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவாய் கணவாயாக ஏறத் தொடங்கினான். வீடியோவில் கல் நெரிபடும் சத்தமும் அவன் மூச்சு வாங்குவதும் மட்டுமே கேட்கும். என் மனைவி செல்லத்தங்கம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைப்பாள்.

இந்த மாசியில் மூன்று கிழமை லீவில் வந்தான். சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இப்றாஹிமின் கடையில் வைத்துத்தான் பூட்டினோம். அவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மட்கார்ட் இல்ல, கரியல் இல்ல, ஸ்டாண்டும் இல்ல. என்ன மகன், அரைவாசியத்தான் தந்தானுகளா?"

"இதுதான் காக்கா முழுசு," என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"அப்ப நெல்லு மூட்டைய எங்க வெக்கிற?"

அவன் சிரித்தான். வந்து இரண்டு நாளில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரம் செல்லத்தங்கம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்க, அவன இஞ்சயே நிக்கச் சொல்லுங்க. நான் கதைச்சா அழுதிடுவன். நீங்க சொல்லுங்க."

"சொல்றன்."

"கதை சொல்றதில்ல. நில்லு மனே எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான்."

"ஓம் எண்டு சொல்லிட்டன்தானே."

எனக்கும் வேறு ஆசை கிடையாது. அவன் அங்கே இன்னும் ஒரு பனிக்காலம் தனியே கிடக்கக்கூடாது என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கிழமை போயிற்று. நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்தது.

இரண்டாம் கிழமை, ஒரு காலையில் இருவரும் வயலுக்குச் சைக்கிளில் போனோம். நற்பிட்டிமுனையால், தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி, சவளக்கடைக்கு அப்பால் வாய்க்கால் கட்டு வழியே கிறவல் ரோட்டு. அவன் அவனுடைய சைக்கிளில், நான் என் பழைய லுமாலாவில். நான்தான் முன்னால் ஓடினேன். அவன் வேண்டுமென்றே மெதுவாக ஓடினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் சம்பளக்காரர்களைப் போல வரிசையில் நடந்தன.

மதகுக் கட்டில் இருந்து தண்ணீர் குடித்தோம்.

"கணவாய் உச்சிக்கு ஏறினா ஏரி முழுக்கத் தெரியும் அப்பா," என்றான். "கீழ தோட்டம் படிக்கட்டு மாதிரி இரிக்கும். நல்ல வடிவு. பாத்திட்டு இறங்கிடுவன்."

"பிறகு?"

"பிறகென்ன, கதவத் திறந்து லைட்டப் போடுவன்."

தோட்டக்காரன் அவனை மேற்பார்வைக்கு வைக்கப்போகிறான் என்றும், ஐந்து வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கேட்கிறான் என்றும், மாசம் முடிய முன்னம் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். ஒரு கல்லை எடுத்து வாய்க்காலுக்குள் போட்டான்.

"அப்பா, நான் இஞ்சயே நிண்டா என்ன?"

செல்லத்தங்கம் சொல்லச் சொன்ன சொல்லை நான் தூக்கிக்கொண்டு திரிய, அவனே வந்து கேள்வியாக அதை என் கையில் தருகிறான். நான் செய்ய வேண்டியது "நில்லு" என்பது மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். கலியாணம் முடிந்த அன்றே மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். எங்கள் வீடும் வளவும் மகள் சுஜித்தாவுக்குச் சீதனமாகப் போய்விட்டன. நாங்கள் இருவரும் பின் அறையில் இருக்கிறோம். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. கலியாணம் முடிக்காத பொடியன்களைக் கண்டால் நான் சொல்லும் பகிடி ஒன்றும் இதை வைத்துத்தான். அந்த நேரம் என் வாயில் வந்தது அது.

"நிண்டா எந்த வீட்டில நிப்பாய்? இந்த ஊரில ஆம்பிளைக்கு வீடு பொம்பிளையோடதான் வரும். பாண்டிருப்பில ஒருத்தன் இப்பிடித்தான் தனிய வெளிநாட்டால வந்தான். தாய்ர வீடு தங்கச்சிக்குப் போயிட்டு. அவன் தென்னமரத்தில ஏறி இருந்தான். ஒம்பது வருசம். கள்ளுச் சீவப் போறவன்தான் அவனுக்குக் காயிதம் கொண்டுபோய்க் குடுக்கிற. கடைசியில அந்த மரமும் மருமகளுக்குச் சீதனமாப் போயிட்டு."

கிருஷாந்தன் சிரித்தான். நன்றாகத்தான் சிரித்தான். எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டினான்.

"வெயில் ஏறுது அப்பா. வாங்க போவம்."

திரும்பி வரும்போது அவன் முன்னால் ஓடினான். தாம்போதியில் எனக்காக நின்றான்.

மறுநாள் மத்தியானம் சோறு தின்னும்போது சொன்னேன். செல்லத்தங்கமும் சுஜித்தாவும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"மனே, நீ நில்லு. எங்கட அறைய எடு. நாங்க விறாந்தையில படுப்பம்."

அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "ஓம். பிறகு?" என்றான்.

"பிறகு ஒண்டுமில்ல. நில்லு எண்டு சொல்றன்."

"சொல்லுங்க அப்பா, பிறகு யானை வந்து விறாந்தையில படுக்குதா?"

என் முகத்தை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பொய்யைச் சொல்லும்போதும் சிரிக்காத முகம் இது. அந்த முகத்தால்தான் ஊரில் எனக்குப் பெயர். உண்மையைச் சொல்வதற்கு நான் வேறொரு முகம் வைத்திருக்கவில்லை. பிறகு நான் யானையைக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அவன் ரசித்துக் கேட்டான்.

போவதற்கு முந்தின நாள் காலையில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட இப்றாஹிமின் கடைக்குப் போனோம். முன் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, கிருஷாந்தன் போனை எடுத்தான். தோட்டக்காரனுக்குப் பதில் எழுதப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"அனுப்பாத," என்றேன். "பகிடி இல்ல மனே. உண்மையாத்தான். நில்லு."

அவன் விரல் நின்றது. என்னைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு இப்றாஹிமைப் பார்த்தான், சாட்சி கேட்பவனைப் போல.

"காக்கா, அப்பா நிக்கச் சொல்றார்."

இப்றாஹிம் குனிந்து பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மீது எனக்குக் கோபம் கிடையாது. நாற்பது வருசமாக நான் எதைத் தொடங்கினாலும் கை கொடுத்த மனிதர். அன்றைக்கும் கை கொடுத்தார்.

"நிக்கத்தான் மகன் வேணும். பாண்டிருப்பில அந்தத் தென்னமரம் இப்ப காலியாத்தான் இரிக்கி. ஏணி நான் தாறன்."

கடையில் காற்றடிக்க வந்து நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கிருஷாந்தனும் சிரித்துக்கொண்டு, பெருவிரலால் அழுத்தினான். போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது.

"அஞ்சு வருசம்," என்றான். "காக்கா, அந்த ஸ்பேனரத் தாங்க."

மறுநாள் பின்னேரம் வேன் வந்து அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனது. பெட்டியைப் பின் சீற்றில் படுக்கவைத்துக் கட்டினோம். அவன் அம்மாவின் தோளை ஒரு கையால் அணைத்தான். என்னிடம், "இந்த முறை சைக்கிள் ஓட்டத்தை எப்பிடிச் சொல்லுவீங்க அப்பா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வேன் சந்தியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற செல்லத்தங்கம், படலையைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"சுஜித்தா போன கிழமையே சொல்லிட்டாள்," என்றாள். "வளவில ரோட்டுக்கரைத் துண்டை அண்ணன்ர பேரில எழுதித் தாறன், ஒரு வீட்டப் போட்டுக்கொண்டு இரிக்கட்டும் எண்டு. அவள்ர புருசனுக்கும் விருப்பம். மகன் நிக்கிறன் எண்டு சொன்ன உடன சொல்லுவம் எண்டுதான் வாய மூடிக்கொண்டு இரிந்தன்."

நான் செருப்பைக் கழற்றினேன். திரும்பவும் போட்டேன்.

"நீங்க கேட்டீங்கதானே? நில்லு மனே எண்டு சொன்னீங்களா?"

"சொன்னன்."

"என்ன சொன்னவன்?"

"அங்கதான் அவனுக்கு விருப்பமாம்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருசமாக என் ஒரு பொய்யையும் நம்பாத பெண். பிறகு தலையை ஆட்டினாள்.

"விருப்பமெண்டா என்ன செய்யிற," என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.