மாடிக் கண்மாய்

தும்பையேந்தலில் காளிராஜ் வீட்டு மாடியறையில் ஓடிய பிட்காயின் இயந்திரத்திலிருந்து முதல் குடம் நல்ல தண்ணீர் பிடிக்கப்பட்டது, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அன்று ஆர்.எஸ்.மங்கலம் சந்தையில் முண்டு மிளகாய் விலை சற்று இறங்கியிருந்தது. பஸ் வழக்கம்போல் தாமதமாக வந்தது. தண்ணீரைப் பிடித்தவள் காளிராஜின் மனைவி மகேஸ்வரி. அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குடம் நிறையத்தான் கொஞ்சம் நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் பூமிக்குள் இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர். காளிராஜின் அய்யா காலத்தில் ஒரு போர் போட்டார்கள், கரித்தது. அதைவிட ஆழமாக இன்னொன்று போட்டார்கள், அதைவிடக் கரித்தது. ஆகவே பெண்கள் இரும்புச் சட்டத்தில் குடங்களைப் பொருத்திய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இருக்கும் ஊத்துக்குப் போய், குழியில் ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு வருவார்கள். கல்யாணமாகி வந்த மறுநாளே மகேஸ்வரி கையில் அந்த வண்டி வந்தது. போகும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் புருஷனோடு பேசிக்கொண்டு போவாள். வாக்கியங்கள் அங்கே மிகவும் திருத்தமாக வரும். வீட்டுக்கு வந்து குடங்களை இறக்கி வைத்ததும் அவை எங்கோ போய்விடும், "சாப்ட்டீகளா?" என்பது மட்டும் மிஞ்சும். பல வருஷம் கழித்து ஒருமுறை மிளகாய் நன்றாக விளைந்தபோது, மாடியில் மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய தொட்டி கட்டலாம் என்று வழியில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. தொட்டி வரவேண்டிய இடத்தில் இயந்திரம் வந்தது.

காளிராஜ் மிளகாய்க் காட்டுக் காவலில் படுத்தபடி செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அந்தத் தொழிலைக் கற்றிருந்தான். பார்சல் லாரியில் வந்து இறங்கியது சிறிய டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. முன்னும் பின்னும் விசிறிகள். ஓடவிட்டால் அரிசி மில் போலச் சத்தம், அடுப்பு வாய் போல அனல். இது என்ன செய்யும் என்று மகேஸ்வரி கேட்டாள். தோண்டும் என்றான். எதைத் தோண்டும், மண்ணையா என்றாள். அவன் விளக்கினான்: கண்ணுக்குத் தெரியாத காசை உலகம் பூராவும் தோண்டுகிறார்கள், தனியாகத் தோண்டினால் ஆயுசுக்கும் ஒன்று கிடைக்காது, அதனால் பல தேசத்துக்காரர்களும் ஒரு கூட்டாகச் சேர்ந்து தோண்டி, அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. நீச்சல்குளத்துக்குச் சொல்கிறார்களே, அதே சொல். ஆனால் அதைத் தமிழ் வீட்டில் பொம்பளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. காதில் வேறொன்றாக விழும். காளிராஜ் ஒரு கணம் தயங்கிவிட்டு, "கண்மாய்னு வச்சுக்கயேன்" என்றான்.

"கண்மாயா? அதுல நமக்குப் பங்கு உண்டா?"

"ஓடுற அளவுக்கு வரும்."

அவள் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

வயரிங் செய்ய மங்கலத்திலிருந்து தங்கப்பாண்டி வந்தான். இயந்திரத்துக்கென்று தடித்த வயரில் தனி லைன் இழுத்தான். எர்த்துக்காக வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட மூட்டையை அவிழ்த்தபோது மகேஸ்வரி தேங்காய், எலுமிச்சம்பழம், வேப்பிலையோடு வந்து நின்றாள்.

"யக்கா, இது கெணறு இல்ல. எர்த்துக் குழி."

"நீ வெட்டுனதுதான? குழிதான?"

"குழிதான். ஆனா கரண்டுக்கு."

"கரண்டு குடிச்சது போக மிச்சம் எங்களுக்கு. தள்ளு."

கிணறு தோண்டும்போது செய்கிற பூசை முழுவதையும் செய்தாள். எலுமிச்சையை அறுத்து நாலு மூலைக்கும் போட்டு, இனிப்பாக வா தாயே என்று கும்பிட்டாள். தங்கப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் கும்பிட்டுக்கொண்டான். பிறகு உப்பைப் போட்டான்.

சில நாள் இயந்திரம் அனலை மட்டும் ஊதியது. மகேஸ்வரி அதன் பின்பக்கம் மிளகாய் வற்றலைப் பரப்பிக் காயவைத்தாள். அந்த ஆடி வெள்ளியன்று வற்றல் நனைந்து கிடந்தது. பின்விசிறியின் அடியில் நூல்போல ஒரு தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நாக்கில் வைத்தாள், இனித்தது. குடத்தை வைத்தாள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரே ருசி இருந்ததில்லை. ஒருநாள் பனிக்கட்டி தின்றதுபோல் பல் கூசும். ஒருநாள் அந்த ஊர்ப்பக்கம் முளைக்காத ஏதோ இலையின் வாசனை வரும். பல தேசத்துக்காரர்களின் கண்மாய் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று மகேஸ்வரி அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னாள். திருப்பாலைக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் ஃபஸீலா, தன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டுதான் அடுத்த தெருவுக்குப் போனாள். தள்ளுவண்டி சுவரோரமாக நின்றது.

காளிராஜுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கரண்டு பில் ஏறிக்கொண்டே போனது; காசு ஒரு துளியும் சேரவில்லை. கூட்டை நடத்தும் ஆட்களுக்கு எழுதிக் கேட்டான். உங்கள் பங்கு, உங்கள் பக்கத்திலிருந்து கேட்டிருந்த வடிவத்திலேயே உரிய நேரத்தில் அனுப்பப்பட்டுவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"வித்துரப் போறேன் மகேசு. காசு குடுக்காத மிசினு எதுக்கு?"

"கண்மாய்னு நீங்கதான சொன்னீக. காசுன்னு சொல்லியிருந்தா காசு குடுத்திருக்கும்."

அவள் சும்மா சொன்னதுதான். அவன் அதை வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தான். மறுநாள் மாடிக்குப் போய் இயந்திரத்தின் முன் நின்று, அந்த ஆங்கிலச் சொல்லை நன்றாக வாய்விட்டுச் சொன்னான். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முருகலட்சுமி வாளியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே கணக்கில் காசு சேரத் தொடங்கியது. தண்ணீர் நின்றது.

மகேஸ்வரி மறுநாள் காலையில் வண்டியை எடுத்தாள். டயரில் காற்றில்லை. கைப்பிடியைத் தொட்டதும், அது தன் உள்ளங்கைக் காய்ப்பின் அளவுக்கே தேய்ந்திருப்பதைப் பார்த்தாள். வண்டி தன்னை மறக்காமல் காத்திருந்திருக்கிறது என்று தோன்றியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, இனி இதைத் தள்ளமாட்டோம் என்பது மட்டும், மழை வருமென்று தெரிவதைப்போல, தெரிந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். காளிராஜ் செல்போனில் காசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முறை வேணும்" என்றாள்.

"என்ன முறை?"

"கண்மாய்த் தண்ணிய ஒருத்தரே பாய்ச்சிக்கிட்டா ஊரு விடுமா? காலையில என் முறை. மதியத்துக்கு மேல நீங்க அத என்ன பேரு சொல்லி வேணாலும் கூப்புடுங்க."

"காலையில ஓடுறதுக்கு பில்லு யாரு கட்டுறது?"

"மதியம் ஓடுறது கட்டட்டும். அந்த மிசினு எந்த மிளகாயில வந்துச்சு? பறிச்சு எரிஞ்சது யாரு கையி?"

காளிராஜ் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். அவள் கையைப் பார்த்தான். "ஒத்துக்கிருமா அது?" என்றான், மாடிப்பக்கம் தலையைத் தூக்கி.

"கேட்டாத்தான தெரியும்" என்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அத்தனை வருஷத்து வாக்கியங்களில் ஒன்றுகூட இதில் இல்லை என்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

இயந்திரம் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து காலையில் மகேஸ்வரி படியேறிப்போய், கண்மாயே என்று கூப்பிட்டுக் குடத்தை வைப்பாள். வண்டியில்லாத காலைகள் முதலில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. கால் தானாக ரோட்டுக்குப் போகும். புருஷனிடம் சொல்ல மனசுக்குள் சேர்த்து வைக்க ஒன்றும் இல்லாமல் தலைக்குள் வெறிச்சென்று கிடந்தது. பிறகு அந்த இடத்தில் சின்னச் சின்னதாய் வேறு நினைப்புகள் ஊறின. தனக்கு மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும் என்பது ஒருநாள் நினைவுக்கு வந்தது. அன்று அப்படியே வைத்தாள். காளிராஜ் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் எண்ணைக் குறித்துவிட்டு ஒரு செம்பு வாங்கிக் குடித்து, இன்றைக்கு எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்பார். காலையில் தெருப் பெண்கள் குடங்களோடு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பொழுது உச்சிக்கு வந்ததும் காளிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு படியேறுவான். "எந்திரிங்கடி, அண்ணன் முறை வந்துருச்சு" என்று முருகலட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். மாடியறைக் கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து அந்தச் சொல் ஒருமுறை மெதுவாகக் கேட்கும். இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.