பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டவள்

எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்குப் பூட்டு, அரிசி டிரம்முக்குப் பூட்டு. சாவிக்கொத்து என் இடுப்பில். ஆறு வயதுப் பெண்ணைப் பட்டினி போடுகிற கல்நெஞ்சக்காரி என்று எனக்குப் பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போது விட்டுவிட்டேன்.

என் மகள் தரணிக்கு வயிறு நிறைந்தது தெரியாது. எவ்வளவு தின்றாலும் பசிக்கும். கீழே எங்கள் தையல் யூனிட்டில் டீ டைமுக்கு பன் வரும். "இந்தா கண்ணு" என்று ஆளாளுக்கு அவள் கையில் திணிப்பார்கள். குழந்தை கேட்டு இல்லை என்று சொல்லாத ஊர் இது. அந்தப் பாசம்தான் போன வருடம் அவளை வயிறு வீங்கி ஐசியூவில் படுக்க வைத்தது. இன்னொரு முறை அப்படியானால் இரைப்பையே கிழிந்துவிடலாம் என்றார் கோவை டாக்டர்.

அவர் படம் போட்டுச் சொன்னார். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும். ஆனால் சில மரபணுக்களை அம்மா கொடுக்கும்போது, கருமுட்டையிலேயே முத்திரை வைத்து மூடித்தான் கொடுக்கிறாள். எல்லோருக்கும் அப்படித்தான். அப்பா கொடுத்ததுதான் வேலை செய்ய வேண்டும். தரணிக்கு அந்த அப்பா துண்டு அறுந்துபோயிருக்கிறது. என்னுடையது முழுசாக உள்ளே இருந்தும் வேலை செய்யாது. "யார் தப்பும் இல்லம்மா, பரம்பரையா வந்ததும் இல்ல" என்றார்.

என் கணவர் திருமூர்த்தி திரும்பி வரும்போது காரிலேயே சொல்லிவிட்டார். "தம்பி கல்யாணம் முடியட்டும் ஜெயசுதா. எங்க பக்கம்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" ஆக, ஊருக்குக் கோளாறு என் பக்கம். நானும் சரி என்றேன். சண்டை போடத் தெம்பு இருந்தால்தானே!

போன ஞாயிறு தாராபுரத்திலிருந்து பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா சீனியம்மாள் லட்டுத் தட்டைக் கூடத்தில் வைத்தார். தரணி அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாள் ஒன்று கொடுத்தார், இன்னொன்றும் கொடுத்தார். அடுத்ததை நான் பிடுங்கினேன். பிள்ளை வீடே அதிர அலறினாள்.

"ஏனுங்க, பச்சப்புள்ளைக்கு ஒரு லட்டு குடுத்தா கொறைஞ்சா போயிருவீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அண்ணி அப்படித்தானுங்க" என்று என் கொழுந்தன் மகுடேஸ்வரன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். சீனியம்மாள் மொத்தத் தட்டையும் தரணியின் மடியில் வைத்தார். "நீ சாப்புடு கண்ணு, நானிருக்கறன்."

நான் எழுந்திருக்கவில்லை. அத்தனை அலுப்பு. கணவரைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

திருமூர்த்தி எழுந்துபோய்த் தட்டைப் பிடுங்கினார். "அவளத் தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்கு வியாதிங்க, இப்படித் தின்னா செத்துருவா. எங்கிட்டிருந்து வர வேண்டியதுதான் வரலீங்க. அவ மேல ஒரு கொறையும் இல்லீங்க."

காபி ஆறியது. "போயித் தாக்கல் சொல்றமுங்க" என்று எழுந்தார்கள். அந்தச் சேதி வராது என்று எல்லோருக்கும் தெரியும். கொழுந்தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தரணி அப்பாவின் வேட்டியை இழுத்து, அவரை அடித்து, "நீ கெட்ட அப்பா, நீ கெட்ட அப்பா" என்று கத்தினாள். அவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடம் கெட்ட அம்மாவாகவே இருந்த நான், சாவிக்கொத்தை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.