கம்பளத்தின் மேல் நிற்கிறவர்

1

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. முந்தின வாரம் பார்த்த ஒரு நடன நிகழ்ச்சியைப் பற்றிக் கிறுக்கிய தாள் என் சட்டைப்பையில் கிடந்தது. சட்டை இஸ்திரிக்குப் போய்த் திரும்பியபோது தாளும் சுருக்கம் நீங்கி வந்திருந்தது. முதல் வரி இது:

மௌனத்தின் இருளில் பிறந்த அந்தப் பேதை, தன் கண்ணீரையே சலங்கையாகக் கட்டிக்கொண்டு—

அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில், "நான் எப்ப அழுதேன்?"

போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன். மேடையில் ஆடியவளும் எனக்கு இஸ்திரி போடுகிறவளும் ஒருத்திதான்.

(அடையாளம் தெரியவில்லையா என்கிறீர்களா? கடையில் எப்போதும் குனிந்திருப்பாள், மேடையில் நிமிர்ந்திருந்தாள். என் புத்தகங்களின் பின்னட்டையில் ‘கூர்மையான பார்வை கொண்டவர்’ என்று போடுகிறார்கள். நம்பிவிடாதீர்கள்.)

2

சரி, ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

இஸ்திரிக்காரிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆட்டக்குழுவில் அவளோடு இன்னும் இருவர். ஒருத்தி செல்போன் ரிப்பேர் செய்பவள், சக்கர நாற்காலியிலேயே சுழன்று ஆடுவாள். இன்னொருத்தி வேன் ஓட்டும் திருநங்கை, முரசு அடிப்பவள். முரசு மேடைப் பலகையிலேயே இருக்கும். அடி பலகை வழியாக இஸ்திரிக்காரியின் வெறுங்காலுக்கு வரும். மற்ற இருவரும் அவள் காலைப் பார்த்துத்தான் ஆடுவார்கள்.

நிகழ்ச்சியன்று இரண்டாவது வரிசையில் இஸ்திரிக்காரியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். அம்மா அப்பா போனபின் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவர். ஆனால் டாக்டரிடமும் பேங்கிலும் அவள் பதிலை அவரே சொல்லிவிடுவார். "அவளுக்கு வேணாங்க" என்பார். வேணுமா என்று அவளைக் கேட்டிருக்க மாட்டார்.

ரிப்பேர்க்காரியின் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. இஸ்திரிக்காரி அந்தத் தோழியோடு அங்கே குடிபோக ஆசைப்பட்டாள். அண்ணன் முடியாது என்றார். தனியாக அவளால் ஒன்றும் ஆகாதாம். முதலில் என் ஆட்டத்தை வந்து பார், அப்புறம் பேசு என்று அவள் கையசைத்துச் சொல்ல, முதல் தடவையாக வந்திருந்தார். மேடையில் அவள் ஒரு தாளம் பிசகினால் போதும், அறை கைவிட்டுப் போகும்.

3

இப்போது கம்பளம்.

தலைமை விருந்தினரை மதிக்கிறேன் பேர்வழி என்று அரங்கத்துக்காரர்கள் மேடை முழுக்கத் தடிமனான சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டார்கள். இஸ்திரிக்காரி ஏறிப் பார்த்தாள். முரசு அடித்துக் காட்டினார்கள். ஒன்றுமே வரவில்லை. காது கேட்காதது அவளுக்குப் பழக்கம், கால் கேட்காமல் போனது அன்றுதான்.

எடுக்கலாமென்றால் அதற்குள் கம்பளத்தின் மேல் விருந்தினர் நின்று பேசிக்கொண்டிருந்தார். "குரலற்றவர்களின் குரலாக நான்..." என்று தொடங்கி, அந்த ‘நானி’லிருந்து இறங்குவதாக இல்லை.

"அவர் இறங்கினாத்தானே நாம ஏற முடியும்" என்றாள் முரசுக்காரி.

இந்த இடத்தில் பிரமாதமாக ஒரு பக்கம் எழுதினேன். அண்ணன் துள்ளி எழுகிறார், மேடையேறுகிறார், ‘என் தங்கச்சிக்காக இறங்குங்கள்’ என்று முழங்குகிறார், அரங்கம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. வேண்டுமென்றே சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன். முழுப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டு வந்தது.

"அண்ணன் பேசல. நீங்களும் பேசாதீங்க."

4

ஆகவே, நடந்தது.

அவள் மேடையின் ஓரத்துக்குப் போனாள், குனிந்தாள், கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினாள். நாளெல்லாம் துணி மடிக்கிற கை, ஓரத்தோடு ஓரம் பிசகவில்லை. சுருள் பிரிந்துவிடாமல் ரிப்பேர்க்காரி சக்கரத்தால் அண்டை கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். விருந்தினர் ஒடுக்கப்பட்டோரின் எழுச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சுருள் அவர் குதிகாலைத் தொட்டது. ஓரடி முன்னால் வைத்துத் தொடர்ந்தார். மறுபடியும் தொட்டது. மறுபடியும் நகர்ந்தார். கடைசியில் சுருளைத் தாண்டி வெறும் பலகையில் நின்று, "நேரமின்மையால் முடித்துக்கொள்கிறேன்" என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. தன் பேச்சுக்குத்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார், பாவம்.

முரசு விழுந்தது. அவள் கால் கேட்டது.

துணியில் நீர் தெளிக்கிற கை, பொடி ஸ்குருவைத் திருகுகிற விரல், வேனை வளைத்துத் திருப்புகிற தோள் என்று மூவரின் வேலையும் ஆட்டத்தில் வந்தது. அப்புறம் இஸ்திரிக்காரி ஒன்று செய்தாள். ரிப்பேர்க்காரி இவளிடம் கேட்கவேண்டியதை முரசுக்காரியைப் பார்த்துக் கேட்பதுபோல முகத்தைத் திருப்பினாள். இவள் அந்தத் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் மறுபடி விலகியது, மறுபடி திருப்பினாள். ஒரு தாளமும் பிசகவில்லை. அரங்கம் சிரித்தது. இரண்டாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

5

ஆட்டம் முடிந்ததும் ஒரு நிருபர் ஓடி வந்தார். நேரே அண்ணனிடம் மைக்கை நீட்டி, "உங்க தங்கச்சி இதுல என்ன சொல்ல வர்றாங்க சார்?" என்று கேட்டார். (இவ்வளவையும் பார்த்துவிட்டு! என்ன சொல்ல.)

அண்ணன் மேடையைப் பார்த்தார். மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தார். அதற்குள் எனக்கு முன்னால் அரங்கமே எழுந்து கைதட்டத் தொடங்கியிருந்தது. அவர் சொன்ன ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அவள் மேடையிலிருந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானாக மூன்று முடிவு எழுதினேன்.

அ) "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சின்னப் பொண்ணு."

ஆ) "அவளையே கேளுங்க."

இ) "எனக்கே தெரியலைங்க."

எனக்கு இரண்டாவதன் மேல் ஆசை. உங்களுக்கும்தான், தெரியும். ஆனால் அவர் வாயில் அதைப் போட எனக்கென்ன உரிமை? நீங்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். நான் மூன்றையும் சட்டைப்பையில் வைத்து, ‘இதில் எது நடந்தது?’ என்று கீழே எழுதி அனுப்பினேன்.

நேற்று சட்டை வந்தது. எதையும் அடிக்கவில்லை, எதற்கும் குறி போடவில்லை. கேள்விக்கு நேரே பென்சிலில் ஒரே வரி:

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க. உங்களுக்குக் காது கேக்குமே?"