முப்பத்தொன்றாம் அட்டை

கூடைப்பந்து அட்டைகளில் இருப்பவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கீழே இறங்கிக் கை கால்களை நீட்டிக்கொள்வது பெரியகுளத்தில் வழக்கம். அதற்குத் திறப்பு என்று பெயர். மாலை நான்கு மணிக்கு இறங்குவார்கள். ஆறு மணிக்குள் அவரவர் அட்டைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறு மணிக்கு அட்டை ஆய்வாளர் வந்து எண்ணுவார். ஓர் அட்டை வெறுமையாக இருந்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதும் வெறுங்காகிதமாகிவிடும். மற்றவர்களும் அதன்பின் எந்தத் திறப்பிலும் இறங்க மாட்டார்கள்.

கோதைநாயகியின் தொகுப்பில் நாற்பத்தெட்டு அட்டைகள். பள்ளி அணியில் ஆடிய பன்னிரண்டாம் வயதில், பெப்பர்மின்ட் பொட்டலத்துக்கு ஒன்றாகச் சேர்த்தவை; அந்த முயற்சியில் கடைவாய்ப்பற்கள் மூன்றை இழந்தாள். பிற்பாடு விளையாட்டு ஆசிரியையாகி, அண்மையில் ஓய்வும் பெற்றாள். இது நான்காம் திறப்பு.

வைகாசிச் சனிக்கிழமை அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, தகரப் பெட்டியை மைதானத்துக்கு எடுத்து வந்தாள். கணவர் திருவேங்கடம் முறுக்குப் பையுடன் பின்னால் வந்தார். அட்டைகளை நடுவட்டத்தில் பரப்பியதும் நாற்பத்தெட்டுப் பேரும் வரிசை எண்படி எழுந்தருளினார்கள். சிலர் முதுகை நெளித்தார்கள். சிலர் முறுக்குக் கேட்டார்கள். ஆலை அணியைச் சேர்ந்த ஒருவர், சென்ற திறப்பில் பாதியில் விட்ட கொட்டாவியை முடித்தார்.

முப்பத்தொன்றாம் அட்டைக்குரியவன் சவரிமுத்து. திண்டுக்கல்காரன், வயது இருபத்திரண்டு. துள்ளி எழும்பி, பந்து கையைவிட்டு நீங்கவிருக்கும் கணத்தில் படம் பிடிக்கப்பட்டவன். முந்தைய மூன்று திறப்புகளிலும் அவன் பந்தைக் கீழே வைத்ததில்லை. தேநீரை ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டு ஏறிவிடுவான். இம்முறை ஐந்தேகால் மணிக்குக் கோதைநாயகியின் முன் வந்து நின்றான்.

“டீச்சர், இது விழுமா விழாதான்னு தெரியாமயே நாப்பத்தெட்டு வருசம் தொங்கிட்டேன். ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேனே.”

“தாராளமாப் போடு தம்பி. விழாம எங்க போயிரும்?”

அவன் போட்டான். பந்து வளையத்தின் விளிம்பில் மோதி வேலிப்பக்கம் போயிற்று.

ஐந்தரை மணிக்கு எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். சவரிமுத்து ஏறியபோது கால்கள் போயின, தோள்கள் போயின. முகம் மட்டும் உள்ளே போகாமல் நின்றது. ஆய்வாளர் காஜா மைதீன் சற்று முன்னதாகவே வந்திருந்தார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மொகம் ஒத்து வரலயே. அட்டைல இருந்தது விழும்னு நம்புன மொகம். இது தவற விட்ட மொகம்.”

பதினாறாம் அட்டையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். “இன்னொண்ணு போடுறா, ஒட்டகச்சிவிங்கி! உன்னால நாங்க எல்லாரும் காயிதமாகணுமா?”

சவரிமுத்து இறங்கி மறுபடி போட்டான். பந்து விளிம்பைத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. மறுபடி ஏறினான். இப்போது பற்கள் வெளியே நின்றன.

“இது விழுந்ததப் பாத்த மொகம். இதுவும் ஆகாது” என்றார் காஜா மைதீன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு அம்பது. டீச்சர், விழும்னு நம்பணும். விழுந்துச்சான்னு பாக்கக் கூடாது. அப்படி ஒரு மொகம் இருந்தா, யாருதா இருந்தாலும் சரி, எண்ணிக்கையில சேத்துக்கலாம்.”

நாற்பத்தேழு அட்டைகளும் கோதைநாயகியைப் பார்த்தன. அவள் கணவரைப் பார்த்தாள்.

“என்னப் பாக்காத. கேஸ் அடுப்ப அணச்சியான்னு இங்க வந்தப்புறமே ரெண்டு தடவ கேட்டுட்டேன்” என்றார் திருவேங்கடம்.

கோதைநாயகி தன்னைப் பற்றி எண்ணிப் பார்த்தாள். தபாலில் சேர்த்த கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. விடியற்காலையில் சந்நிதியில் நின்று பாசுரம் ஓதுவாள். விண்ணப்பத்தைப் பெருமாள் திருச்செவி சாத்திக் கேட்டாரா என்று காத்து நின்றதுமில்லை. ஓதி முடித்ததும் உளுந்து ஊறப்போட வீட்டுக்கு வந்துவிடுவாள்.

“இதப் பிடிங்க” என்று கைப்பையைக் கணவரிடம் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி இறங்கி நின்ற சவரிமுத்துவிடமிருந்து பந்தை வாங்கினாள்.

“முழங்கால் வலின்னு நேத்துத்தான தைலம் தேச்ச?”

“அது இறங்குறப்பத்தாங்க வலிக்கும். ஏறுறப்ப ஒண்ணும் பண்ணாது.”

எம்பினாள். பந்து விரல்நுனியை விட்டு நீங்கியது. காஜா மைதீன் வெற்று அட்டையை அவளுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். நெற்றி பொருந்தியது, கண்கள் பொருந்தின, வாயும் ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் பொருந்தியது. அவள் அந்தரத்தில் அங்கேயே நின்றாள். பந்தும் அவளுக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஆய்வாளர் பதிவேட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதினார். அட்டைகளிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

“அட்டைல மை காயற வரைக்கும் காலத் தரையில ஊனிறாதீங்க டீச்சர். ரெண்டு நாளாகும். அட்டைய வேலியில சொருகி வைக்கிறேன், காஞ்சதும் உள்ள போயிறலாம். அடுத்த திறப்புக்கு இறங்கிக்கலாம்.”

“ஆகட்டும் பாய்.”

திருவேங்கடம் அண்ணாந்து பார்த்தார். “பன்னெண்டு வருசமா? அதுவரைக்கும் ரசம் யாரு வப்பா?”

“நான் வப்பேங்க” என்றான் சவரிமுத்து.

“மிளகு ரசமா, பருப்பு ரசமா?”

“ரெண்டும் வரும்.”

“அப்ப வா.”

“தம்பி, அவருக்குப் புளி சேராது. கம்மியாக் கரைச்சு ஊத்து” என்றாள் கோதைநாயகி மேலேயிருந்து. இருவரும் தகரப் பெட்டியின் இரு பக்கக் காதுகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை அந்த மைதானத்தில் இரண்டு அணிகளுக்கு ஆட்டம் இருந்தது. ஆட்டக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மேலே நின்ற பந்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே நடந்ததெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடுவர் சற்று நேரம் யோசித்து, தமது விசிலை ஒரு கம்பு நுனியில் மாட்டி அவளிடம் நீட்டிவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் பகுதியில் மேற்கேயிருந்து வந்த காற்று, கூடைக்குள் போகவிருந்த ஒரு பந்தைத் தள்ளிவிட்டது. கோதைநாயகி விசிலை ஊதினாள். அது காற்றின் ஐந்தாவது ஃபவுல்; ஐந்தானால் ஆட்டத்தில் நீடிக்க முடியாது. காற்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறி, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்தது. அதனால் மை காய்வதற்கு மேலும் ஒரு நாள் ஆயிற்று.