இரண்டு வீட்டுக்கு ஒரே வைஃபை

பூவரசனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கறுப்பு டப்பாவுக்குள் பொருத்தி, அதன் யுஎஸ்பி ஒயரை ரவுட்டரின் பின்னால் சொருகிவிட்டான். இனி அதிலுள்ள சினிமா எல்லாம் டிவியிலேயே வரும். செந்துறையில் அவன் வீடும் தம்பி தமிழழகன் வீடும் ஒட்டுச்சுவர். இரண்டுக்கும் ஒரே வைஃபை. ஆகவே தம்பி வீட்டு டிவியிலும் வரும்.

“பாஸ்வேர்டு கேக்குதுங்க, ஒண்ணு போட்டுடுங்களேன்” என்றாள் அவன் மனைவி சக்தி.

“அண்ணன் தம்பிக்குள்ள என்னடி பாஸ்வேர்டு? அம்மா வேற அங்கதான இருக்கு. தெரிஞ்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்.”

சினிமாவோடு வேறு என்னென்ன அந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இரண்டு வருஷம் முன்பு திருச்சியில் பரிசோதித்ததில் குறை அவனிடம் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதான், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினான். அவளும் வாயைத் திறக்கவில்லை. மலடி என்று மாமியார் இருசம்மாள் ஜாடை பேசினாலும் பொறுத்துக்கொண்டாள். தினம் காலையில் அந்த அம்மா ஒரு பச்சைக் கஷாயத்தைக் கொண்டுவந்து, டம்ளர் காலியாகும் வரை எதிரிலேயே நிற்பாள். நாற்றம் தாங்காமல் பாதி நாள் கொல்லையில் போய் வாந்தி எடுப்பாள் சக்தி. ஒன்றும் தெரியாத மனுஷி, பேரப்பிள்ளை ஆசை என்று அவளுக்காக இரக்கம் வேறு பட்டாள்.

டப்பா மாட்டி நாலு மாதம் ஆனபோது, மகனுக்கு இரண்டாம் தாரமாகத் திருமானூரில் பெண் பார்த்துவிட்டாள் இருசம்மாள். பூவரசன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா கருப்பண்ணன் வருவதாக இருந்தது. தமிழழகன் வீட்டில் தடபுடல். சக்தியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேலைக்கு மட்டும் அங்கே கூப்பிட்டார்கள்.

“டிவில நல்லதா ஒரு சாமி பாட்டுப் போட்டு வையி” என்றாள் இருசம்மாள் சக்தியிடம்.

சக்தி ரிமோட்டை எடுத்து டிஸ்க்கைத் திறந்தாள். கடைசியாகப் பார்த்த படங்கள் என்ற இடத்தில் ஒரு காகிதம் தெரிந்தது. அழுத்தினாள். பழைய லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்த திருச்சி ரிப்போர்ட் டிவி முழுக்க விரிந்தது. பூவரசன், வயது 34. உயிரணு எண்ணிக்கை பூஜ்யம்.

புருஷன் மானம் போகிறதே என்றுதான் அப்போதும் பதறினாள்.

“அதை ஏண்டி தெறக்குற? மாத்து” என்றாள் இருசம்மாள், அலட்டிக்கொள்ளாமல்.

“அத்தை, இது…”

“தெரியும். டப்பா மாட்டுன வாரமே தமிழழகன் படிச்சுச் சொல்லிட்டான். ஆம்பள பேரு கெடலாமா? இன்னொருத்தியக் கட்டி வச்சா ஊரு வாயி அடைஞ்சுரும்.”

“அப்ப அந்தக் கஷாயம்?”

“நிறுத்துனா நீ சந்தேகப்படுவல்ல.”

சக்தி திரும்பினாள். வாசலில் நின்ற பூவரசனைப் பார்த்தாள். “அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான். “அம்மா அப்பவே கேட்டுச்சு. நீ வருத்தப்படுவியேன்னுதான்…”

சீ, இதுவும் ஒரு பிறவியா! இந்த மூஞ்சிக்காகவா அத்தனை காலையும் விழுங்கினோம் என்று அவளுக்கு அவள்மீதே அருவருப்பாக இருந்தது.

வெளியே பைக் வந்து நின்றது. கருப்பண்ணன் பழப்பையோடு உள்ளே வந்தார்.

“வாங்க, வாங்க. இவதான் மூத்தவ. குறை இவகிட்டதான், பாவம். அவளே சம்மதிச்சுட்டா” என்றாள் இருசம்மாள், டிவியை அணைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டியபடி.

சக்தி அணைக்கவில்லை. நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டாள். “ஒக்காருங்க ஐயா. இது ஒங்க மாப்பிள்ளை ரிப்போர்ட்டு. நான் படிச்சுச் சொல்றேன்.”

பூவரசன் டப்பாவைப் பிடுங்கத் தன் வீட்டுக்கு ஓடினான். பிடுங்கியும்விட்டான் போலும். ஆனால் டிவியில் ஏற்கெனவே திறந்த படம் திறந்தபடியே நின்றது. சக்தி பெயரிலிருந்து பூஜ்யம் வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

கருப்பண்ணன் பழப்பையைக் கீழே வைக்கவே இல்லை. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போறேன். நீயும் வரியாம்மா?”

சக்தி செருப்பைத் தேடினாள்.