குரங்கு பிடிக்க வந்தவர்

ஐம்பத்தேழாம் வருஷம் சாரல் முடிந்து குற்றாலத்தில் கூட்டம் வடிந்த பிறகும் ஒருவர் மட்டும் ஊர் திரும்பாமல் லாட்ஜிலேயே கிடந்தார். பெயர் ஆதித்தன், மதராஸ்காரர். அருவிப் பாதையில் பழக்கடை போட்டிருந்த முத்துவடிவுக்கு அவரைக் கண்டதிலிருந்தே மனசு சரியில்லை. மனுஷர் அருவிப் பக்கம் போகவே இல்லை. கனிந்த பழமாகப் பார்த்து வாங்கிக் குரங்குகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மரத்தடியில் கூண்டுகள் வந்தன.

“குரங்குத் தொல்லை தாங்காம லாட்ஜ்காரங்க கூப்பிட்டாங்கம்மா. மலைமேல விட்டுடுவேன்,” என்றார்.

துணியைப் பறிகொடுத்தவர்களுக்குக் குரங்கு சனியன், மற்றவர்களுக்கு அனுமார். மலைமேல்தானே என்று இரு தரப்பும் சும்மா இருந்தது. முத்துவடிவால் இருக்க முடியவில்லை. மலை மேற்கே இருக்கிறது, கூண்டுகளை ஏற்றிய வண்டியோ கிழக்கே தென்காசி ரோட்டில் போகிறது.

இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய மகள் உலகம்மாளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தென்காசி ஸ்டேஷனில் ஈரச் சாக்கு மூடிய மரக்கூண்டுகள் வரிசையாக இருந்தன. வண்டிக்காரர் மைதீன் இறக்கிக்கொண்டிருந்தார்.

“கப்பல்ல போவுதாம்க்கா. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

அதற்குள் ஆதித்தன் வந்துவிட்டார். அவர் பார்வை குழந்தையின் காலில் நின்றது.

“அமெரிக்காவுக்குப் போகுதும்மா. உங்க பொண்ணுக்கு வந்த நோய் வராம தடுக்க மருந்து செய்யறாங்க. குரங்கு இல்லாம செய்ய முடியாது.”

“அன்னைக்கு மலைன்னீய. இப்ப எம்பிள்ள காலப் பாத்ததும் மருந்துன்னு சொல்லுதீயளோ?”

“இது உண்மைம்மா.”

“அதக் குடிச்சா இவ நடப்பாளா?”

“மாட்டா. நோய் வராத பிள்ளைங்களுக்குத்தான் அது.”

பொய்க்காரராக இருந்தால் நடப்பாள் என்று சொல்லியிருப்பாரே. முத்துவடிவுக்குக் குழப்பம் கூடியது.

“எங்க ஊருப் பிள்ளையளுக்கு அந்த மருந்து வருமா?”

“வரும்... எப்பன்னு தெரியாது.”

“இதுங்க திரும்பி வருமா?”

அவர் சீட்டு எழுத ஸ்டேஷன் அறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

ஓரக் கூண்டில் ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தது. முத்துவடிவு மகளை இறக்கி விட்டுவிட்டு, கூண்டின் கம்பியை முறுக்கித் திறந்தாள். குரங்கு வெளியே வராமல் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அவள் பின்வாங்கிய பிறகுதான் குட்டியோடு ஒரே தாவலில் கூரைக்குப் போனது. ஆதித்தன் ஓடி வந்தபோது மைதீன் சாக்கு மூட்டையோடு சரியாகக் குறுக்கே வந்தார்.

ஆதித்தன் போலீசைக் கூப்பிடுவார் என்று பயந்தாள். அவர் கூப்பிடவில்லை.

“நான் பொய்யன்னா எல்லாத்தையும் திறந்திருக்கணுமேம்மா. ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க?”

“தாயும் பிள்ளையுமா இருந்துச்சு,” என்றாள். அது மட்டும் காரணமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ரயில் வந்தது. மற்ற கூண்டுகளை ஏற்றினார்கள். ஒன்றிலிருந்து நீண்ட கையில் உலகம்மாள் கடலையை வைத்தாள். அந்தக் கை கடலையை விட்டுவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. முத்துவடிவுதான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.