அறுபதில் நிறுத்திய பேட்டரி

“நூறு வரைக்கும் ஏத்தி, சார்ஜர சொருகியே வச்சுட்டுப் போங்க அண்ணி. ஆறு மாசம் ஆளில்லாம நிக்கற வண்டி.”

“வேண்டாஞ் சந்துரு. இது தண்ணித் தொட்டி இல்ல, ரொப்பி வச்சுட்டுப் போறதுக்கு. வயிறு முட்டத் தின்னுட்டு ஆறு மாசம் படுத்துக் கிடந்தா உனக்கு என்ன ஆகும்?”

“தொப்பை போடும்.”

“லித்தியம் பேட்டரிக்கும் முட்ட ரொப்பறது ஆகாது. அறுபதுல நிறுத்தோணும். எல்லாத்தையும் அணைக்கோணும். வெயில் படாத எடத்துல வைக்கோணும். அவ்வளவுதான்.”

இது ஏப்ரலில், பாணேரில் இருக்கும் அவர்கள் வீட்டில் நடந்த பேச்சு. மல்லிகா சாகண் தொழிற்பேட்டையில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் பேட்டரி சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேரவனாக்கி, ஒயர் முழுவதையும் தன் கையால் இழுத்திருந்தாள். கணவர் ரங்கராஜன் வங்கியில் இருந்தவர். அவர் அதில் வைத்தது பிள்ளையார் படமும் அதன் முன்னால் ஒரு குட்டி மின்விளக்கும்தான்.

“திரும்பி வரும்போது பேட்டரி செத்துக் கிடந்தா?” கொழுந்தன் சந்துரு விடவில்லை.

“வண்டிய, வெலைக்குக் கேட்டுட்டிருக்கற உன்ற சிநேகிதனுக்கே குடுத்தறேன்.”

சந்துரு சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனே ஓட்டிப்போக, பக்கத்து ஊரான தளேகாவில் தெரிந்தவரான சலீம் பாயின் வெயில் படாத கல்கட்டுக் கிடங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, மல்லிகாவும் ரங்கராஜனும் கனடாவில் இருக்கும் மகள் ப்ரீத்தி வீட்டுக்குப் போனார்கள்.

அக்டோபரில் திரும்பினார்கள். மறுநாள் காலை சந்துரு காரோட்ட, தளேகாவுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் ரங்கராஜன் மனைவி பக்கம் திரும்பினார்.

“அம்முணி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது.”

“ஏனுங்க?”

“போற அன்னிக்கு, நீ சலீம் பாய்கிட்டப் பேசிட்டிருந்தப்ப, உள்ள போயி சாமி விளக்கப் போட்டுட்டு வந்துட்டேன். ஊட்டப் பூட்டும்போது விளக்கு இல்லாமப் பூட்டி எனக்குப் பழக்கமில்ல. சின்ன விளக்குதானேன்னு... ப்ளைட் ஏறினதுக்கு அப்புறந்தான் ஒறச்சுது.”

“ஆறு மாசம் எரிஞ்சா அந்தச் சின்ன விளக்கே போதுமண்ணா!” சந்துரு ஸ்டியரிங்கைத் தட்டினான். “அப்ப வண்டி என்ற சிநேகிதனுக்குத்தான்.”

மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா என்று ரங்கராஜனுக்குத் தெரியவில்லை. தீபாவளிக்குக் கொங்கண் கடற்கரை என்று அவள் போட்டு வைத்திருந்த திட்டத்தைத் தன் கையாலேயே அணைத்துவிட்டதுபோல் இருந்தது.

சலீம் பாய் கிடங்கைத் திறந்துவிட்டார். சந்துரு வண்டியின் கதவைத் திறந்தான். உள்ளே இருட்டு. பிள்ளையார் முன்னால் விளக்கு எரியவில்லை.

“முடிஞ்சுது,” என்றான் சந்துரு.

ரங்கராஜன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “என்னாலதான் அம்முணி.”

“கொஞ்சம் நகருங்க. அந்த ஸ்பேனர எடுங்க.”

மல்லிகா இருக்கைப் பலகையைத் தூக்கினாள். பேட்டரியின் மைனஸ் ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாகக் கிடந்தது.

“இதை எப்பக் கழட்டினே?”

“நீங்க விளக்கப் போட்டுட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி வெளிய வந்தீங்கல்ல, அதுக்கப்புறம். ஸ்விட்ச அணைச்சா மட்டும் பத்தாதுங்க, பாட்டுப் பொட்டி, கேஸ் அலாரமெல்லாம் துளித்துளியா இழுத்துட்டே இருக்கும். கடைசியா ஒயரையே கழட்டிட்டுத்தான் எறங்குவேன்.”

“அப்ப சாமி ஆறு மாசமா இருட்டுலயா இருந்தாரு?”

“கர்ப்பக்கிரகத்துல ட்யூப்லைட்டா போட்டிருக்காங்க? அவருக்குப் பழக்கந்தானுங்க.”

டேப்பை உரித்து, ஒயரைத் திரும்ப மாட்டி ஸ்பேனரால் முறுக்கினாள். பிள்ளையார் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. மல்லிகா போனை எடுத்து, அதில் பேட்டரியின் அளவைப் பார்த்து, அதைச் சந்துருவிடம் நீட்டினாள்.

“படி.”

“ஐம்பத்தி மூணு.”

“சத்தமா.”

“ஐம்பத்தி மூணு சதம், அண்ணி!”

ரங்கராஜன் எழுந்து, வாசலில் நின்ற சலீம் பாயிடம் தனக்குத் தெரிந்த இந்தியில், இந்த வண்டியின் ஒயர் ஒவ்வொன்றும் என் மனைவி போட்டது என்று சொன்னார். ஆறு மாதம் நின்ற வண்டி, போன வாரம்தான் கொண்டுவந்து நிறுத்தியது போல் இருக்கிறது என்றார் சலீம் பாய். ரங்கராஜன் அதையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பிறகு தம்பியின் முன்னால் கையை நீட்டினார்.

“சாவியக் குடுறா. உன்ற அண்ணி ஓட்டுவா.”